எந்தப் பக்கத்தால் வந்தது

ஏற்றினது பிழை தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் பெய்யட்டும், கிழவன் நனைந்தால் நனையட்டும். இந்த வாகனத்தில் வெளியாளை ஏற்றக் கூடாது. உனக்குச் சொல்லித் தரவில்லையோ? கதவில் அடையாளம் ஒட்டியிருக்கிறது, முன்னுக்குக் கொடி கட்டியிருக்கிறது, நீ வழியில் நிற்கிறவனையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறாய். நான் கையும் காட்டவில்லை. பஸ்ஸுக்கு நின்றேன். நீயாகத்தான் நிப்பாட்டினாய்.

சரி, ஏறியாயிற்று. ஓட்டு.

புதுக்குடியிருப்புக்கு இங்காலே ஒரு ஒழுங்கை வரும். வரும்போது சொல்கிறேன். மகள் வீடு.

நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நானும் இப்படி ஒரு நிவாரண நிறுவனத்தில் இருந்தவன். பெயர் வேண்டாம். காவல் வேலை. கேற் நாகமணி என்றால் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் தெரியாத ஆள் இல்லை. நக்கலுக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். எனக்கு அது பட்டம்.

மருதடிக்குளத்தில் ஒரு நெல் களஞ்சியம் இருந்தது. பெரிய கட்டடம், தகரக் கூரை. நிறுவனம் அதை எடுத்து மருந்தும் மாவும் வைத்தது. கூரையில் அடையாளத்தைப் பெரிதாகக் கீறினார்கள், மேலே பறக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி. சுற்றிவர முட்கம்பி. வாசலில் ஒரு கேற். கேற்றில் ஒரு பலகை, அதில் துவக்குப் படம், படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே மேசையும் கதிரையும் போட்டு நான்.

அந்திரேயாஸ் என்று ஒரு வெள்ளைக்காரன் பொறுப்பாக இருந்தான். சனம் அந்திராசி என்றது. பனி கொட்டுகிற ஏதோ நாடு. வெயிலில் இறால் மாதிரிச் சிவந்துபோவான். நல்ல மனிதன். என்னைக் கூப்பிட்டு, தமிழ் தெரிந்த பெட்டையை வைத்துச் சொன்னான்: நாங்கள் யாருக்கும் ஆள் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் மருந்து கொடுக்க விடுகிறார்கள். ஒருத்தனுக்கு ஆளானால் மற்றவன் அடிப்பான். அதனால் கேற்றுக்கு உள்ளே துவக்கு வரக் கூடாது, சீருடை வரக் கூடாது, பங்கர் வெட்டக் கூடாது, மண்மூட்டை அடுக்கக் கூடாது. மேலேயிருந்து பார்த்தால் இது ஒரு வெறும் களஞ்சியமாகத் தெரிய வேண்டும். இந்த இடம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் அறிவித்திருக்கிறோம். இரண்டு பக்கமும் சரி என்றிருக்கிறது.

எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஏன் தெரியுமோ? இங்கே எல்லோரும் யாருக்கோ ஆள். ஒருத்தனை இயக்கத்துக்கு ஆள் என்பார்கள், ஒருத்தனை ஆமிக்கு ஆள் என்பார்கள், ஒன்றும் இல்லாதவனைக் கோயில் தலைவருக்கு ஆள் என்பார்கள். யாருக்கும் ஆள் இல்லாத ஆள் என்று என்னை ஒருத்தரும் அதுவரைக்கும் சொன்னதில்லை. அவன் சொன்னான்.

அந்திராசியின் ஆபிசில், கிளிநொச்சியில், கொங்கிறீட்டில் பங்கர் இருந்தது. தெரியும். நீ வாயைத் திறக்காதே. அது ஆபிஸ். அது வேறு.

நான் யாரையும் விட்டதில்லை. ஆமி இருந்த காலத்தில் ஒரு கப்டன் வந்தான். இடுப்பில் இருந்ததைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனான். பிறகு இயக்கம் வந்தது. அதில் ஒரு பொறுப்பாளன், கண்ணாடிக்காரன், அவனும் அதே மேசையில் வைத்தான். போகும்போது, "அப்பு, உங்களைப் போல ஒரு நாலு பேர் எங்களிட்ட இருந்தால் காணும்" என்றான். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் பக்கம் சாய்ந்த மாதிரி.

மருமகன் கதையையும் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மகளை உனக்கு விளங்காது.

எனக்கு ஒரே பிள்ளை. சுகிர்தா. அவளைக் கட்டியவன் தவசீலன், களஞ்சியத்தில் மூட்டை இறக்கிற வேலையில் இருந்தான். ஆள் பிடிக்கிற காலம். இயக்கம் வீட்டுக்கு ஓராள் என்று கேட்டுக்கொண்டு திரிந்தது. ஒருநாள் கேற்றடிக்கு ஒரு வாகனம். இறங்கின பெடியள் கேற்றுக்குள் ஒரு அடி வைக்கவில்லை. மரியாதை. "தவசீலன் அண்ணையை ஒருக்கா வெளியில வரச் சொல்லுங்கோ, கதைக்க வேணும்" என்றார்கள். போய்ச் சொன்னேன். வந்தான். கேற்றைத் திறந்தேன். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளே வந்து பிடித்திருந்தால் விட்டிருப்பேனா? என் பிணத்தைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். வெளியில் பிடித்தார்கள். வெளி என் பொறுப்பு இல்லை.

சுகிர்தா வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"நீங்கள் ஏன் போய்ச் சொன்னனீங்கள்?"

"கூப்பிட்டவங்கள், சொன்னனான்."

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே அப்பா."

"பொய் சொல்லச் சொல்லுறியோ?"

அவன் திரும்பி வரவில்லை. பிள்ளை பிறந்தது. மதுவந்தி.

பிறகு சண்டை கிட்ட வந்தது. நிறுவனங்களையெல்லாம் வெளிக்கிடச் சொல்லி அரசாங்கம் அறிவித்தது. சனம் வந்து வாகனங்களுக்கு முன்னால் குந்திவிட்டது. போகாதேங்கோ, நீங்கள் போனால் எங்களைப் பார்க்க ஒருத்தரும் இல்லை என்று பெண்டுகள் வாகனப் பொன்னட்டில் தலையை வைத்து அழுதார்கள். அந்திராசி உள்ளே இருந்து அவனும் அழுதான். மூக்கு இன்னும் சிவந்துபோயிற்று. அப்படியே இருந்தால் எப்படி? நான்தான் போய்ச் சனத்தை விலத்தினேன். கையைப் பிடித்துத் தூக்கி விலத்தினேன். கேற்றை அகலத் திறந்தேன். அந்திராசி இறங்கி வந்து கேற்றுப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தான். எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும், கெதியில் வருவோம் என்று அந்தப் பெட்டை சொன்னாள். அவளும் ஏறிக்கொண்டாள்.

இருக்கிறபடி வைத்திருந்தேன். அது ஒரு குற்றமோ?

அதுக்குப் பிறகு இடம்பெயர்ந்த சனம் வந்து நிறைந்தது. துவக்கு இல்லாதவன் எல்லோரையும் விட்டேன். மா முடிந்துபோய்விட்டது, அரிசி மட்டும் கொஞ்சம். என் மனிசி நல்லம்மாதான் பானை வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். ஷெல் சத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சனம் கண்ட கண்ட இடத்தில் பங்கர் வெட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை. துப்புரவாக வைத்திருந்தேன்.

ராசநாயகம் என்று ஒருத்தன், மிசின் ஓட்டுகிறவன், உழவு மிசின். அவனுக்கு வாய் சும்மா இராது. "நாகமணி அண்ணை, ஷெல் வந்தா கேற்றடியில மறிச்சு, எங்க போறாய், ஆரைப் பாக்கப் போறாய் எண்டு விசாரிச்சுத்தான் உள்ள விடுவியள் போல" என்பான். சனம் சிரிக்கும். ஷெல் விழுந்துகொண்டிருக்கிறது, அதுக்குள் சிரிப்பு.

ஒரு காலை களஞ்சியத்துக்குப் பின்பக்கம் போகிறேன். வேம்பில் ஏணை கட்டிப் பிள்ளை கிடக்கிறது. கீழே சுகிர்தா இடுப்பளவு குழிக்குள் நிற்கிறாள். மேலே இரண்டு பெண்டுகள் மண் அள்ளுகிறார்கள். பக்கத்தில் மண்மூட்டை. சாக்கு எங்கே கிடைத்தது அந்த நேரம்? சேலையைக் கிழித்துப் பை தைத்திருக்கிறாள். கூறைச் சேலை. அரக்கு நிறம், சரிகைக் கரை. நான்தான் எடுத்துக் கொடுத்தது.

"என்னடி இது?"

"பாத்தாத் தெரியேல்லையே? பங்கர்."

"இஞ்ச வெட்டேலாது."

"பிள்ளைக்கு மேல விழுந்தா?"

"விழாது."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"அந்திராசி."

"அவர் எங்க?"

"போயிட்டார்."

"ஏன் போனவர்?"

"இஞ்ச பாதுகாப்பில்லை எண்டு."

பெண்டுகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராசநாயகம் எங்கேயோ இருந்து கேட்டுவிட்டுக் கொக்கட்டமிட்டுச் சிரித்தான். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நீயும் சிரிக்காதே. ரோட்டைப் பார்.

பொறுமையாகத்தான் சொன்னேன். "மேல இருந்து பாக்கிறவன் குழியையும் மூட்டையையும் கண்டா சண்டைக்காரன்ர காவல் சென்றி எண்டு நினைப்பான்."

"சரிகைக் கரை போட்ட சென்றியோ அப்பா?"

"உனக்கு ஒருத்திக்காகச் சட்டத்தை உடைச்சா எல்லாற்ற உயிருக்கும் ஆபத்து. வெளியில வா."

வந்தாள். ஏணையில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குழியை மூடினேன். மூட்டைகளை அவிழ்த்து மண்ணைக் கொட்டினேன். பைகளை உதறி மடித்து அவள் கையில் கொடுத்தேன். எறியவில்லை. மடித்துத்தான் கொடுத்தேன்.

அவள் ரோட்டைக் கடந்து போய் வேறு இடத்தில் வெட்டத் தொடங்கினாள். அரைவாசிச் சனம் அவளுக்குப் பின்னால் போனது. ராசநாயகம் போகவில்லை. "எனக்கு நாரிப்பிடிப்பு, பங்கருக்க குனிய ஏலாது, நான் நாகமணி அண்ணையின்ர ராச்சியத்திலயே நிமிர்ந்து இருக்கிறன்" என்றான்.

பொழுதுபடமுன் சுகிர்தா திரும்பி வந்து தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, நீங்களாவது வாங்கோ."

நல்லம்மா என்னைப் பார்த்தாள். கேற்றைப் பார்த்தாள். "நீ போ பிள்ளை. இந்த மனிசனை விட்டிட்டு வந்தா கேற்றைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பட்டினியில கிடக்கும்" என்றாள்.

அவள் வரவில்லை. அவளுக்கு நிறுவனத்தில் அவ்வளவு நம்பிக்கை.

கொஞ்சம் மெதுவாகப் போ. பள்ளம் இருக்கிறது. நீங்கள் எல்லாம் வாகனம் புதுசென்றால் பறக்கிறீர்கள்.

என்ன கேட்டாய்? ஓம், ஷெல் விழுந்தது. அதைத்தானே சொல்ல வருகிறேன். பொறு.

காலைக் கஞ்சி நேரம். சனம் கோப்பையோடு வரிசையில் நிற்கிறது. கேற்றடிக்கு ஒரு பெடியன் நொண்டிக்கொண்டு வந்தான். தொடையில் துணி சுற்றியிருக்கிறது, தோளில் துவக்கு. மீசையும் சரியாக முளைக்கவில்லை.

"அப்பு, தண்ணி."

"துவக்கை வெளியில வைச்சிட்டு வா."

"வைச்சா என்னைச் சுடுவாங்கள்."

"அப்ப வெளியில நில்."

நான் கல் நெஞ்சன் இல்லை. நானே போய்ப் பானையடியில் தண்ணீர் வாங்கினேன். நல்லம்மாதான் கோப்பையில் வார்த்துத் தந்தாள். "கஞ்சியும் கொஞ்சம் குடுங்கோவன், பாவம்" என்றாள். "அது முறையில்லை" என்றேன். கோப்பையைக் கொண்டுவந்து கேற்றுக்கு மேலால் நீட்டினேன். வாங்கிக் குடித்தான். குடித்துக்கொண்டிருந்தவன் நிப்பாட்டினான். தலையை ஒரு பக்கம் திருப்பினான். சண்டைக்காரனுக்கு எங்களைவிட முதல் கேட்கும். அவன் திருப்பின பக்கம் நானும் பார்த்தேன்.

எங்கள் தலைக்கு மேலால் போயிற்று.

கூரையில், அடையாளத்தின் நேர் நடுவில். ஒன்றில்லை, தொடர்ந்து வந்தது. ஆனால் முதலாவது நேர் நடுவில். அடையாளம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்திராசி சொன்னது அந்தளவில் உண்மை.

பெடியன் துவக்கை ரோட்டில் போட்டுவிட்டு நொண்டிக் காலோடு உள்ளே ஓடினான். ஆட்களைத் தூக்கித் தூக்கி வெளியில் போட்டான். ஒருக்கால் உள்ளே போனவன் பிறகு வரவில்லை. ஆனால் ஒன்று பார், துவக்கை வெளியில் போட்டுவிட்டுத்தான் போனான். நான் கண்ணால் கண்டேன். கடைசி வரைக்கும் அந்தக் கேற்றால் ஒரு துவக்கு உள்ளே போகவில்லை. எங்கேயும் கேள். ஒன்று போகவில்லை.

ராசநாயகம் முடிந்தான். வரிசையில் நின்ற சனம் முடிந்தது. நல்லம்மா பானையடியில். கையில் அகப்பை இருந்தது. அதுக்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

சுகிர்தா ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தாள். தாயைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் வந்தாள். நான் கேற்றடியில்தான் நின்றேன், கோப்பையைப் பிடித்துக்கொண்டு.

"எந்தப் பக்கத்தால வந்தது?"

"தெரியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. இத்தனை வருசம் கேற்றடியில் இருந்தவன் வாயில் வேறு என்ன வரும்? கேட்ட உடனே வந்துவிட்டது.

நல்லம்மாவை வேம்படியில் வைத்தோம். மகள் வெட்டி நான் மூடின இடம். மண் இளகிக் கிடந்தது. வேறு இடத்தில் புதிதாக வெட்ட நேரம் இருக்கவில்லை.

பிறகு எல்லோரையும் போல ஓடினோம். கடைசியில் முட்கம்பிக்குள், முகாமில் போய் நின்றோம். எல்லோரும் பட்டதைத்தான் நாங்களும் பட்டோம். அதை விடு.

வழியில் ஒருத்தன் கமராவோடு வந்தான், இயக்கத்துப் பத்திரிகைக்காரன். அய்யா, களஞ்சியத்துக்கு அடிச்சது ஆர் என்றான். தெரியாது என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். முகாமில் ஒரு அதிகாரி கூப்பிட்டு அதையே கேட்டார். அவருக்கும் தெரியாது என்றேன். அவர் என் முதுகில் தட்டினார். தேத்தண்ணி தந்தார். பால் தேத்தண்ணி. அதை வைத்து நீ ஒரு முடிவுக்கு வராதே. இரண்டு பேருக்கும் நான் ஒன்றைத்தான் சொன்னேன்.

இனிச் சொல்வதை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. உனக்கு ஏன் சொல்கிறேனோ தெரியாது. இந்த வாகனத்தின் மணம்தான் காரணமாக்கும். எல்லாம் ஒரே மணம்.

முகாமுக்கு எங்கள் நிறுவனத்தின் வாகனம் வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம். ஓடிப்போனேன். அந்திராசி இல்லை, புது ஆள், இளந்தாரி. நான் மருதடிக்குளத்துக் காவலாளி, இதோ திறப்பு என்று கம்பிக்குள்ளால் நீட்டினேன். அவனுக்கு விளங்கவில்லை. கூட வந்தவர் தமிழர், விசயம் தெரிந்தவர். அவர்தான் ஆறுதலாகச் சொன்னார். அய்யா, நாங்கள் வெளிக்கிட்ட அன்றே அந்த இடம் எங்கள் இடம் இல்லை. இனிமேல் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் அறிவித்துவிட்டுத்தான் வந்தோம். அப்படி அறிவிப்பதுதான் முறை. திறப்பை நீங்களே வைத்திருங்கோ.

இரண்டு பக்கத்துக்கும் அறிவித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் அறிவிக்கவில்லை.

அதிலும் பிழை இல்லை. நான் ஒரு பக்கம் இல்லைத்தானே. அறிவிக்க வேண்டியது பக்கங்களுக்கு. முறையாகத்தான் செய்திருக்கிறார்கள். நான் திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு கூடாரத்துக்கு வந்தேன். சுகிர்தா பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர் வந்தது என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்றேன்.

அவ்வளவுதான்.

பிறகு ஊருக்கு விட்டார்கள். விசாரணை என்று ஒன்று வைத்தார்கள், அரசாங்கக் கச்சேரி மண்டபத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய மனிதர்கள், இந்தப் பக்கம் சனம். சுகிர்தா பேரைக் கொடுத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கேற்றடியில் நின்றவர் என்ர அப்பா, அவர் கண்டவர், அவரைக் கேளுங்கோ என்று எழும்பி நின்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. என் பிள்ளை. எனக்கு அந்த நேரம் பெருமையாகத்தான் இருந்தது. மைக்கை என் முன்னால் வைத்தார்கள். அய்யா, ஷெல் எந்தப் பக்கமிருந்து வந்தது?

மண்டபம் முழுக்கச் சனம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாசலில் பொலிஸ் நிற்கிறது. பயமில்லை, அதை நீ நினைக்காதே. என்னைப் பயந்தவன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தைச் சொன்னால் நான் மற்றப் பக்கத்து ஆள். அவ்வளவு காலமும் மேசை போட்டு இருந்தது எதுக்கு?

தெரியாது என்றேன்.

சுகிர்தா என் பக்கத்தில் இருந்து எழும்பி வேறு வாங்கில் போய் இருந்தாள். பஸ்ஸிலும் பின் சீற்றில் போய் இருந்தாள். அடுத்த நாள் என்னுடைய உடுப்புகளைத் தோய்த்து, காயவிட்டு, மடித்து, பையில் வைத்து வாசல் படலையடியில் வைத்தாள்.

அதிலிருந்து பரந்தனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் காவல். கடைக்குப் பின்னால் படுக்கை. சோறு தருகிறார்கள். குறை இல்லை. மகளோடு பேச்சில்லை. மதுவந்தி மட்டும் பள்ளிக்கூட லீவுக்கு பஸ் ஏறி ஒருக்கால் இரண்டுக்கால் வந்து எட்டிப் பார்ப்பாள். "அம்மப்பா, சாப்பிட்டீங்களோ?" அவ்வளவுதான். இப்போது வளர்ந்துவிட்டாள். முகத்தில் அப்படியே நல்லம்மாவின் நாடி.

போன கிழமை கடைக்காரனின் போனுக்கு ஒரு கோல். அய்யா, உங்களுக்கு என்று தந்தான். எடுத்தால், சுகிர்தா.

"அப்பா."

ம் என்றேன்.

"திங்கட்கிழமை ஆக்கள் வருகினம். வெளியில இருந்து. வீட்டிலயே வந்து கேக்கினம். இது கடைசியாம், இதுக்குப் பிறகு ஒருத்தரும் கேக்க வரமாட்டினம். அங்க நிண்டதில உயிரோட இருக்கிறது நீங்கள் ஒராள்தான்."

"எனக்குப் பக்கம் தெரியாது பிள்ளை."

"பக்கம் சொல்ல வேண்டாம். அந்தப் பெடியன் தலையைத் திருப்பினவன் எண்டு முகாமில ஒருக்கா காய்ச்சலில புசத்தினீங்கள். அவன் திருப்ப நீங்களும் பாத்தனீங்கள். எங்க பாத்தனீங்கள்? குளத்துப் பக்கமோ, ரோட்டுப் பக்கமோ? அதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை அவையள் பாப்பினம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சொல்லிப்போட்டு இஞ்சயே இருங்கோ அப்பா. அறை ஒண்டு சும்மாதான் கிடக்கு. மதுவந்தி ஒழுங்கை வாசலில வந்து நிப்பாள், பஸ்ஸால இறங்க."

இறுதியில் அவள், "அம்மாவுக்கு நான் வேற என்னத்தைச் செய்ய?" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

இன்றைக்குத்தான் திங்கள். பார்க்கிறாய்தானே, வெள்ளைச் சேட்டுப் போட்டிருக்கிறேன். கடையில் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். பையும் எடுத்துக்கொண்டேன். உள்ளே எல்லா உடுப்பும் இருக்கிறது. போகிறதென்று முடிவெடுத்துத்தான் வெளிக்கிட்டது. இல்லாவிட்டால் இந்த மழைக்குள் எதுக்கு?

ஆனால் யோசித்துப் பார். குளத்துப் பக்கம் என்றாலும் ரோட்டுப் பக்கம் என்றாலும் அதோடு நிற்குமோ? நிற்காது. அடையாளம் இருந்ததே, நிறுவனத்துக்குத் தெரியுமோ என்பார்கள். நிறுவனம் அறிவித்ததோ என்பார்கள். அறிவித்துவிட்டுப் போன கதை வரும். நான் திறப்போடு கம்பியடிக்குப் போன கதை வரும். சுகிர்தா பக்கத்தில் நின்று கேட்பாள். குழி வெட்டின அன்றைக்கு அந்தக் கூரையில் இருந்தது வெறும் பெயின்ற்தான் என்று அவளுக்கு விளங்கிவிடும். தாய் எதுக்குள் இருந்தாள் என்று கேட்பாள்.

அவர்களுக்கும் கெட்ட பெயர். நாளைக்கு இன்னொரு இடத்தில் சண்டை வந்தால் இவர்கள் போக வேண்டும். இரண்டு பக்கமும் இவர்களை நம்ப வேண்டும். கேற்றடியில் இருந்தவனே ஒரு பக்கத்தைக் காட்டிக் கொடுத்தான் என்று கதை போனால், பிறகு எவன் இவர்களை உள்ளே விடுவான்? நான் சொல்வது சரிதானே? நீ இந்த வேலையில்தானே இருக்கிறாய், சொல்லு.

என்ன? எந்தப் பக்கம் பார்த்தேன் என்றோ?

நீ கேட்கக் கூடாது. இந்த வாகனம் ஓட்டுகிறவன் அதைக் கேட்கக் கூடாது. உன்னை வேலைக்கு வைத்தவனைச் சொல்ல வேண்டும்.

தெரியாமல் இல்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு, தன் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாமல் இருக்குமோ? நித்திரையிலும் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது. பக்கத்தில் படுக்கிற சமையல்காரப் பெடியன் கேட்கிறான், அப்பு ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே படுக்கிறீர்கள், மற்றக் காதில் நோவோ என்று. ஓம், நோதான் என்றேன்.

அந்தப் பாலம் தாண்டு. தாண்டி மெதுவாக.

அதோ, கொட்டில் கடை. அதுக்கு அடுத்த ஒழுங்கைதான். அங்கே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது மதுவந்தி. நல்லம்மாவின் நாடி என்று சொன்னேனே. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறாள். காலெல்லாம் சேறு. பின்னால் வீட்டு முற்றத்தில் ஒரு வாகனம் நிற்கிறது, ஆட்கள் வந்துவிட்டார்கள் போல.

எங்களைப் பார்க்கவில்லை. எட்டி எட்டிப் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்கிறாள். இந்த மாதிரி வாகனத்தை இந்த ஊரில் இப்போது ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நிப்பாட்டாதே.

சொன்னது கேட்கவில்லையோ? காலை எடு பிறேக்கிலிருந்து. நேரே போ. முல்லைத்தீவோ எங்கேயோ, நீ போகிற இடத்தில் இறக்கிவிடு.

பஸ் நிற்கிறதோ? கண்ணாடியில் தெரியும். யாராவது இறங்குகிறார்களோ? பிள்ளை என்ன செய்கிறாள், பார்.

வேண்டாம். சொல்லாதே. ஓட்டு.